வட துருவத்தில் ஒரு பிடி மண்

மார்கழி மாதம் பிறந்துவிட்டால் அம்பத்தூரில் எங்கள் வீட்டிலே ஒரு வழக்கு ஆரம்பமாகிவிடும். முதல் நாள் மாலையில் அரைத்து வைத்த இட்லி மாவு மறுநாள் காலையில் பொங்கியிராது. "உளுந்து பழசு" என்பார் ஒருவர். "உப்புப் போதவில்லை" என்பார் மற்றொருவர். "கரைத்த கை அப்படி!" என்று மூன்றாமவர் தீர்ப்புக் கூறிவிடுவார். அதே மாவு சித்திரை மாதத்தில் பாத்திரத்தை மீறி வழிந்து தரையில் ஓடியதை அந்தச் சமயத்தில் எவரும் நினைவு கூர்வதில்லை. உண்மையில் குற்றம் உளுந்தின் மீதும் இல்லை, கையின் மீதும் இல்லை. மாவைப் பொங்கச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள். விடியற்காலையில் உஷ்ணம் 20 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு இறங்கிவிட்டால் அவை சோம்பிப் போகின்றன. அவ்வளவுதான் விஷயம்.

20 டிகிரிக்கே நம் வீட்டு நுண்ணுயிர்கள் இப்படிச் சுணங்கும் என்றால், வருஷத்தில் பெரும் பகுதி பூஜ்யத்துக்குக் கீழே கிடக்கும் வட துருவப் பிரதேசத்து மண்ணில் உயிருக்கு என்ன வேலை இருக்க முடியும்? அந்த மண் செத்த மண் என்றுதான் நெடுங்காலம் பலரும் எண்ணியிருந்தார்கள். அது செத்த மண் அல்ல என்று தெரிய வந்திருப்பதோடு, அதற்குள் நடக்கும் காரியங்கள் பூந்தமல்லிக்கு மேற்கே நாற்று நடுகிறவரையும் சென்னைக் கடற்கரையில் குடியிருப்பவரையும் தொடக்கூடியவை என்றும் இப்போது அறிகிறோம். அதற்காகவே நம் தேசத்து விஞ்ஞானிகளும் அங்கே ஒரு வீடு அமர்த்திக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வீட்டின் பெயர் ஹிமாத்ரி. நார்வே தேசத்துக்கு வடக்கே, உறைகடலின் நடுவில், ஸ்வால்பார்ட் என்னும் தீவுக் கூட்டம் இருக்கிறது. அதில் நீ-ஓலெசுண்டு என்பது ஒரு சிற்றூர். அங்கிருந்து வட துருவம் சுமார் 1,200 கிலோமீட்டர்தான். நிலக்கரிச் சுரங்கத்துக்காக உண்டான ஊர் அது. 1962-ஆம் ஆண்டு நவம்பரில் சுரங்கத்தில் வெடி விபத்து நேர்ந்து 21 பேர் மாண்டனர். அதன் பிறகு சுரங்கம் மூடப்பட்டது. கரி வெட்டியவர்கள் போனார்கள். மண்ணையும் பனியையும் காற்றையும் அளப்பவர்கள் வந்தார்கள். 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்தியாவிலிருந்து ஐந்து விஞ்ஞானிகள் முதன்முதலாக அங்கே சென்றார்கள். மறு ஆண்டு ஜூலை முதல் தேதி ஹிமாத்ரி நிலையம் திறக்கப்பட்டது. கோவாவிலுள்ள தேசிய துருவ, சமுத்திர ஆராய்ச்சி மையம் அதை நடத்தி வருகிறது.

இந்தியாவுக்கு அங்கே என்ன உரிமை என்று நேயர்கள் கேட்கலாம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1920-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி பாரிஸ் நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தீவுகள் நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டவை. ஆயினும் கையெழுத்திட்ட நாடுகளின் பிரஜைகள் அனைவருக்கும் அங்கே மீன் பிடிக்கவும் தொழில் நடத்தவும் சமமான உரிமை உண்டு. யுத்த காரியங்களுக்கு அவ்விடத்தைப் பயன்படுத்தலாகாது. இவையே அதன் முக்கிய ஷரத்துக்கள். கையெழுத்திட்டவர்களின் வரிசையில் இந்தியாவின் பெயரும் இருக்கிறது! ஜாலியன்வாலா பாக்கின் இரத்தக் கறை காய்ந்து பத்து மாதங்கூட ஆகாத வேளை அது. நம்மைக் கேளாமலே நமது பெயரால் பிரிட்டிஷ் ராஜதந்திரி எழுதி வைத்த கையெழுத்து, சுதந்திர இந்தியாவுக்குத் துருவத்தில் கதவைத் திறந்துவிடும் சாவியாக முடிந்தது. அன்னியர் நமக்குச் செய்த நன்மைகளைக் கணக்கெடுக்கிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் அதைத் தெரிந்து செய்தார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

இன்னொரு பழைய கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. வேத காலத்து மக்களின் ஆதி வாசஸ்தலம் வட துருவப் பிரதேசமே என்று வாதாடி லோகமான்ய பால கங்காதர திலகர் 1903-ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அவருடைய கொள்கையைப் பண்டிதர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. நீண்ட இரவையும் நீண்ட விடியலையும் அவர் ரிக் வேதத்தின் வரிகளில் தேடினார். நூறு ஆண்டுகளுக்குப் பின் போன நம்மவர்கள் அவற்றை நேரிலேயே கண்டார்கள். கோடையில் நள்ளிரவிலும் சூரியன் அஸ்தமிப்பதில்லை. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் உதிப்பதில்லை. ஊர் எல்லையைத் தாண்டி மண் எடுக்கப் போகிறவர் கையில் மண்வெட்டியுடன் துப்பாக்கியும் இருக்க வேண்டும்; வெண்கரடி வரும். நம் ஊர் விவசாய ஆராய்ச்சியாளருக்கு இந்தத் தொல்லை இல்லை.

* * *

அந்த மண் எப்படிப்பட்டது? மேலே மெல்லிய பாசியும், கல்லோடு ஒட்டிய காளானினமும், விரல் உயரச் செடிகளும் காணப்படும். அவற்றின் அடியில் உள்ள மேல் மண் கோடையில் மட்டும் உருகும். அதற்கும் கீழே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உருகாமல் கல்லைப்போல் இறுகிக் கிடக்கும் நித்திய உறைமண். ஜூலை மாதத்தில் காற்றின் உஷ்ணம் சராசரி ஐந்தாறு டிகிரி. அதுதான் அங்கே அக்கினி நட்சத்திரம்!

உறைந்த மண்ணில் எல்லா ஜலமும் உறைந்துவிடுவதில்லை. மண் துகள்களைச் சுற்றி, உப்புச் சத்து நிறைந்த மிக மெல்லிய நீர்ப் படலம் பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி வரையில் உறையாமல் நிற்கிறது. மயிரிழையில் நூற்றில் ஒரு பங்குகூட இராத அந்தப் படலமே நுண்ணுயிர்களுக்குக் குளமும் வாய்க்காலும். கனடாவின் எல்ஸ்மியர் தீவு உறைமண்ணிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியம் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் இனம் பெருக்குவதாக 2013-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். 25 டிகிரி கீழே இறங்கியும் அதன் மூச்சு முற்றிலும் நிற்கவில்லை.

இந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது? சமையலறைக்கே திரும்பிப் போவோம். மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது, உறைந்து போயிருக்கும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் வழக்கம்போல் ஒழுகும். இரண்டும் எண்ணெய்தான், அவற்றிலுள்ள கொழுப்பு அமிலங்களின் அமைப்பு வேறு. உயிரணு ஒவ்வொன்றையும் ஒரு கொழுப்புத் தோல் மூடியிருக்கிறது. அந்தத் தோல் இறுகிவிட்டால் உணவு உள்ளே வராது, கழிவு வெளியே போகாது. குளிர் தேசத்து நுண்ணுயிர்கள் தம் தோலைத் தேங்காய் எண்ணெய் ஜாதியிலிருந்து நல்லெண்ணெய் ஜாதிக்கு மாற்றிக்கொள்கின்றன. உள்ளே சில வகைச் சர்க்கரைகளையும் கிளிசரினையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஜலம் ஊசி ஊசியாக உறைந்து தம் வயிற்றைக் கிழித்துவிடாமலும் பார்த்துக்கொள்கின்றன.

தோல் மட்டும் இளகியிருந்தால் போதாது. உள்ளே தொழிலும் நடக்க வேண்டும். உயிரின் தொழில்களை எல்லாம் நடத்துபவை நொதிகள், அதாவது என்ஸைம்கள். நாம் உண்ணும் சோற்றைச் சர்க்கரையாக்குவதும், பாலைத் திரியச் செய்வதும், உதிர்ந்த இலையை எருவாக்குவதும் அவையே. நொதி என்பது ஒரு புரதம் என்று 1926-ஆம் ஆண்டில் நிரூபித்தவர் ஜேம்ஸ் ஸம்னர் என்ற அமெரிக்கர். அவரைக் குடும்பத்து விதை ஒன்றின் மாவிலிருந்து யூரியேஸ் என்ற நொதியை அவர் படிகமாகப் பிரித்தெடுத்தார். சிறு வயதில் வேட்டை விபத்து ஒன்றில் இடக் கையை இழந்தவர் அவர். ஒற்றைக் கையால் செய்த அந்த வேலையைச் சக விஞ்ஞானிகள் பலர் நெடுநாள் நம்பவில்லை. இருபது ஆண்டு கழித்து 1946-ல் நோபல் பரிசு வந்தது. இன்று நம் உழவர் வயலில் தூவும் யூரியாவை அம்மோனியாவாக உடைத்துப் பயிருக்கு ஊட்டுவது மண்ணிலுள்ள அதே யூரியேஸ்தான்.

பொதுவாக, உஷ்ணம் பத்து டிகிரி குறைந்தால் நொதியின் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். மாவு பொங்காத இரகசியம் இது. ஆனால் குளிரில் பிறந்து வளர்ந்த நுண்ணுயிர்களின் நொதிகள் சற்றுத் தளர்ந்த கட்டுடையவை. இறுக்கிப் பின்னிய கூடைக்கும் நெகிழப் பின்னிய கூடைக்கும் உள்ள வித்தியாசம் என்று சொல்லலாம். நெகிழ்ந்தது குளிரிலும் வளைந்து கொடுத்து வேலை செய்யும். சூடு ஏறினால் சீக்கிரம் குலைந்துவிடும். இந்த ரகத்து நொதிகளுக்குத் தொழிற்சாலைகளில் கிராக்கி அதிகம். குளிர்ந்த நீரிலேயே அழுக்கைக் கரைக்கும் சலவைத் தூள்களில் அவை சேர்க்கப்படுகின்றன. மாறாக, பால் பண்ணைக்காரர்களுக்கு இந்த இனத்தின் உறவினர்கள் தீராத தலைவலி. குளிர்பதனம் செய்த பாலிலும் பெருகும் சில பாக்டீரியாக்கள் விட்டுச் செல்லும் நொதிகள், பாலைக் காய்ச்சிய பின்னும் அழியாமல் நின்று அதைக் கசக்க வைக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டு விஞ்ஞானிகள் இத்துறைக்குப் புதியவர்கள் அல்லர். ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த டாக்டர் சிவாஜியும் அவருடைய குழுவினரும் தென் துருவக் கண்டத்து மண்ணிலிருந்து ஒரு புதிய பாக்டீரியத்தைக் கண்டு 1992-ல் பெயரிட்டார்கள். குமாவோன் மலையில் உள்ள பிண்டாரிப் பனியாற்றின் மண்ணில் கிடைத்த மற்றொன்றுக்கு அப்பனியாற்றின் பெயரையே சூட்டினார்கள். 2014-ல் ஸ்வால்பார்டின் பனிக்குழி ஒன்றிலிருந்து கிடைத்த புதிய ஈஸ்டுக்கு இந்திய ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தீவின் பெயரை இட்டார்கள். கரிய தூசி பனியாற்றின் மீது படிந்தால் அது வெயிலை உறிஞ்சிப் பனியைச் சிறு கிண்ணம் கிண்ணமாக உருக்கிவிடும். அந்தக் கிண்ணங்களிலே ஒரு தனி உலகம் வாழ்கிறது.

மண்ணில் நொதி எவ்வளவு இருக்கிறது என்று அறிவது எப்படி? முறை எளிது, பார்க்கவும் அழகானது. பாஸ்பாரிக அமிலத்தோடு பிணைத்த, நிறமற்ற ஒரு ரசாயனப் பொருளைக் கொஞ்சம் மண்ணுடன் கலந்து ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். மண்ணிலுள்ள பாஸ்படேஸ் என்ற நொதி அந்தப் பிணைப்பை அறுத்துவிடும். பிறகு காரம் சேர்த்து வடிகட்டினால் நீர் மஞ்சள் நிறம் பெறும். மஞ்சள் எவ்வளவு அழுத்தமோ நொதி அவ்வளவு. வட துருவ மண்ணில் இந்தச் சோதனைக்கு விசேஷ முக்கியத்துவம் உண்டு. ஏனெனில், அங்கே பயிருணவு பெரும்பாலும் மக்காத தாவரச் சத்தைக்குள் பூட்டிக் கிடக்கிறது. பூட்டைத் திறப்பது இந்த நொதியே. கடற்பறவைகள் கூடு கட்டும் செங்குத்துப் பாறைகளின் அடியில் மட்டும் எச்சம் விழுந்து விழுந்து பூமி பச்சைப் பசேலென்று இருக்கும்; கலைமான்கள் அங்கே வந்து மேயும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இச்சோதனையைப் பல ஆய்வுக் கூடங்களில் 37 டிகிரி உஷ்ணத்தில் செய்வதே வழக்கம். ஆவடி மண்ணுக்கு அது நியாயம்; மே மாதத்தில் அந்த மண் அதற்கு மேலும் கொதிக்கும். துருவ மண்ணை அப்படிச் சோதிப்பது குளிர்தேசத்து மனிதனை நம் ஊர் வெயிலில் ஓடவிட்டு அவன் பலத்தை அளப்பது போலாகும். மண்ணுக்குள் நொதி இருப்பு எவ்வளவு என்று தெரியும். அது தன் சொந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்பது தெரியாது. ஆகவே நான்கு, எட்டு டிகிரிகளிலும் அளந்து தந்த கணக்கையே நான் மதிப்பேன்.

* * *

இனிக் கவலைக்குரிய பகுதிக்கு வருவோம். வடக்கு உறைமண் பிரதேசத்தின் மண்ணில் ஏறக்குறைய 1,50,000 கோடி டன் கரி அடங்கியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். காற்று மண்டலம் முழுவதிலும் உள்ள கரியைப் போல் அது சுமார் இரண்டு மடங்கு. பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்ந்து மடிந்த பாசி, புல், வேர் எல்லாம் அழுகாமல் குளிரில் குவிந்து கிடக்கின்றன. நம் வீட்டு ஊறுகாய் ஜாடிக்கு உப்பு எப்படியோ அந்தக் களஞ்சியத்துக்குக் குளிர் அப்படி. இப்போது ஜாடியின் மூடி திறந்துகொண்டிருக்கிறது. 1979-க்குப் பிறகு வட துருவப் பிரதேசம் உலகின் சராசரியைப் போல் நான்கு மடங்குக்குச் சமீபமான வேகத்தில் சூடேறியிருப்பதாக 2022-ல் பின்லாந்து விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். மண் உருக உருக நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன, நுண்ணுயிர்கள் உண்கின்றன, உண்டதைக் கரியமில வாயுவாக மூச்சு விடுகின்றன, அந்த வாயு பூமியை மேலும் சூடாக்குகிறது.

உருகிய இடம் காய்ந்தால் ஒரு விளைவு, ஜலம் தேங்கினால் மற்றொரு விளைவு. ஜலம் தேங்கிய சதுப்பில் பிராணவாயு இல்லை. பிராணவாயு இல்லாவிட்டால் பீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி வேலை செய்யாது. அதனால் துவர்ப்புச் சத்துக்கள் சிதையாமல் தங்கி, மற்ற நொதிகளின் கையையும் கட்டிப் போட்டுவிடும். ஒரே ஒரு தாழ்ப்பாள் வீடு முழுவதையும் பூட்டி வைத்தாற்போல! 2001-ல் வேல்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதை எடுத்துக் காட்டினார்கள். சதுப்பு காய்ந்தால் தாழ்ப்பாள் விலகும்; கரியமில வாயு கிளம்பும். காயாமல் நின்றாலோ வேறொரு கூட்டம் அங்கே அரசாளும். அவை மீதேன் என்னும் எரிவாயுவை உண்டாக்கும் ஆதி உயிர்கள்.

இந்தக் கூட்டத்தைப் பார்க்க ஸ்வால்பார்டுக்குப் பயணச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. பூந்தமல்லியிலிருந்து மேற்கே செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டிப் போனால், இன்னும் வீட்டு மனைகளாகாத நெல் வயல்கள் சில கண்ணில் படும். நடவு முடிந்து ஜலம் தேங்கிய வயலின் சேற்றில் காலை வைத்தால் குமிழி குமிழியாக ஏதோ மேலே வருமே, அதில் மீதேனும் இருக்கிறது. துருவச் சதுப்பில் மீதேன் செய்யும் உயிர்களும் இவற்றின் பங்காளிகளே. இரு சாராரும் பிரயோகிக்கும் கடைசி நொதி ஒன்றேதான். அதன் நடுவே ஒரு நிக்கல் அணு பதிந்திருக்கிறது. நட்சத்திரம் போன்ற அந்த ஓர் அணுவைச் சுற்றித்தான் செம்பரம்பாக்கத்துச் சேறும் துருவத்துச் சேறும் தொழில் நடத்துகின்றன. இரண்டு இடத்திலும் மேல் மண்ணில் காவற்காரர்களும் உண்டு. மீதேனை உண்டு ஜீவிக்கும் பாக்டீரியாக்கள் அவை. அவற்றில் ஓர் இனத்தை ஸ்வால்பார்டின் சதுப்பு மண்ணிலிருந்தே பிரித்தெடுத்து 2006-ல் பெயரிட்டிருக்கிறார்கள். கீழிருந்து வரும் வாயுவில் பெரும் பங்கை இவை வழிமறித்துத் தின்றுவிடுவதால்தான் நிலைமை இந்த மட்டில் இருக்கிறது.

நம் வயலுக்குப் பரிகாரம் நம் கையிலேயே இருக்கிறது. எப்போதும் ஜலம் கட்டி நிறுத்தாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால், இடையிடையே சேற்றுக்குள் காற்றுப் புகுந்து மீதேன் குறைகிறது, நீரும் மிச்சமாகிறது. ஒற்றை நாற்று நடவு முறையோடு இதையும் தமிழ்நாட்டில் உழவர்களுக்குக் கற்பித்து வருகிறார்கள். ஆனால் துருவத்துச் சதுப்புக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் விட எந்த மடையர் போவார்? அங்கே மதகு திறப்பது வெயில் ஒன்றுதான்.

அம்பத்தூரில் 1949-ல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1955-ல் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்பதென்று தீர்மானித்தது. அதன் பின் அம்பத்தூரில் பெரிய தொழிற்பேட்டை எழுந்தது. வயலும் ஏரியும் சூழ்ந்த கிராமங்கள் ஒரு தலைமுறைக்குள் ஆலைப் புகைபோக்கிகளின் ஊர்களாகிவிட்டன. இதில் வருந்துவதற்கு உள்ளது போலவே பெருமைப்படவும் உண்டு. பல்லாயிரம் குடும்பங்கள் இதனால் உண்டு உடுக்கின்றன. துருவத்தைச் சூடாக்கிய புகையில் நம் புகையின் பங்கு மேனாடுகளின் பங்கைவிடச் சிறியதே. ஆயினும், உருகும் பனி சமுத்திரத்தை உயர்த்தும்போது அது எவர் புகை என்று விசாரித்துக்கொண்டு சென்னைக் கரையை விட்டுவிடப் போவதில்லை. துருவக் கடற்பனி குறைவதற்கும் நம் பருவமழையின் போக்குக்கும் சம்பந்தம் உண்டா என்றும் கோவா மையத்தார் ஆராய்ந்து வருகிறார்கள். 2014-ல் நீ-ஓலெசுண்டை அடுத்த கடற்கழியில் 192 மீட்டர் ஆழத்தில் இந்தியா ஒரு மிதவைக் கருவித் தொகுதியை நிறுத்தியது. அதை அமைப்பதில் பங்கு கொண்ட தேசிய சமுத்திரத் தொழில்நுட்ப நிறுவனம் இருப்பது சென்னைப் பள்ளிக்கரணையில்.

மண் விஷயத்தில் பெரிய குறை ஒன்று நெடுங்காலம் இருந்து வந்தது. ஆராய்ச்சியாளர்கள் கோடையில் போய்க் கோடை மண்ணை அள்ளி வந்தார்கள். குளிர்காலத்தில் மண் தூங்குவதாகப் பாவித்து அந்த மாதங்களின் கணக்கைச் சொற்பமாகவே எழுதினார்கள். 2019-ல் பல நாட்டார் சேர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட இடங்களின் அளவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வேறு விதமாகத் தெரிந்தது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரையில் உறைமண் பிரதேசம் வெளிவிடும் கரி வருஷத்துக்குச் சுமார் 170 கோடி டன். கோடையில் அங்குள்ள செடி கொடிகள் உள்வாங்குவதோ சுமார் 100 கோடி டன். பனிப் போர்வை மண்ணைக் கம்பளிபோல் மூடிக் காப்பதால், வெளியே காற்று எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அடியில் மண் அவ்வளவு குளிர்வதில்லை. அந்த இருட்டில் நொதிகள் மெல்ல மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கின்றன.

இருட்டில் அளக்க இருட்டில் ஆள் இருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் வரையில் ஹிமாத்ரியில் குளிர்காலத்துக்கு இந்தியர் எவரும் தங்கியதில்லை. அந்த மாதத்தில் நான்கு பேர் கொண்ட முதல் குளிர்காலக் குழு புறப்பட்டது. இங்கே மார்கழிக் கோலங்கள் வாசலை அலங்கரித்துக்கொண்டிருந்த நாட்களில், அவர்கள் நடுப்பகலிலும் விளக்கேற்றிக்கொண்டு நீ-ஓலெசுண்டில் கருவிகளின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தார்கள்.